அண்ணி மேல் ஒரு புகார்

ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து அண்ணி துணி மடிக்கிறாள். எதிரே போனும் கையுமாகக் கொழுந்தன். துப்பாக்கிச் சண்டை கேமில் குறி தப்பாமல் சுடத் திருட்டு சாப்ட்வேர் போட்டு விளையாடியவர்களை எல்லாம் கேம் கம்பெனி காலையில் கூண்டோடு தூக்கிவிட்டது. ஸ்பீக்கரில் கூட்டாளிகளின் விசில் காதைப் பிளக்கிறது. "இருங்க அண்ணி, உங்க பேரு போயிருச்சான்னு பார்க்கிறேன். நான்தான் புகார் கொடுத்தேன். மனுஷப் பிறவி இப்படிச் சுடுமா?" ஆட்டக்காரர்களின் தரவரிசைப் பட்டியலின் உச்சியில் அண்ணியின் பெயர் அசையாமல் நிற்கிறது. "டேய், உன் பேரைத்தான்டா காணோம்!" என்கிறது ஸ்பீக்கர். விசில் நின்றுபோகிறது. அவன் காது மடல்கள் சிவக்கின்றன. ஜோடி தேடிய காலுறையை அவன்மேல் வீசி, கண்ணில் நீர் வர அண்ணி சிரிக்கிறாள்: "அடப்பாவி, திருட்டுத்தனம் பண்ணியுமா தினம் என்கிட்ட தோத்தே?"