ஒரு மணி பத்து நிமிஷம்

"இருக்கறதுலயே ரொம்ப நேரம் ஆகற விமானம் எது சார்?"

டிக்கெட் கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. சீக்கிரம் போகத்தானே ஜனங்கள் விமானத்தில் போகிறார்கள்?

"மொத்தமே அறுநூத்தி நாப்பது கிலோமீட்டர்தான்மா. நேரா போனா ஒரு மணி பத்து நிமிஷம். எதுக்குச் சுத்திப் போகணும்?"

"எனக்கில்ல சார். என் மாமியாருக்கு. நாத்தனார் வீட்டுக்குப் போறாங்க."

ஓகோ, அப்படிப் போகிறதா கதை! கடைக்காரர் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"நடுவுல வேற ஊர்ல இறங்கணும். மூணு மணி நேரம் காத்துக் கிடந்து இன்னொரு விமானம் ஏறணும். ஆறரை மணி நேரம் ஆகும். விலையும் ஜாஸ்தி."

"பரவால்ல. அதையே போடுங்க."

"அவங்களுக்கு வயசு?"

"அறுபத்தேழு."

"துணைக்கு?"

"யாருமில்ல. தனியாத்தான்."

அவரால் பொறுக்க முடியவில்லை. "கூடக் காசு குடுத்து மாமியாரை அலைக்கழிக்கிற மருமகளை இப்பத்தான்மா பார்க்கறேன்!"

அவள் முகம் சுண்டிப்போனது. "அப்படியில்ல சார், அவங்க வந்து..."

"உங்க வீட்டுக் கதை எனக்கெதுக்கு?" என்று வாயை அடைத்துவிட்டார். ஊர் நியாயமெல்லாம் தன் தலையில்தான் இருக்கிறது என்று நினைக்கிற மனுஷர்.

திரையில் சீட் தாராளமாக இருந்தது.

"அடடா, சுத்துவழியில சீட் தீர்ந்துபோச்சே. நேர் விமானம்தான் இருக்கு."

"வேற நாள்ல பாருங்களேன்?"

"எந்த நாள்லயும் இல்ல."

அவள் கைப்பையைத் திறந்து பணத்தை எண்ணினாள். பிறகு நேர் விமானத்துக்கே பணம் கட்டிவிட்டுப் போனாள். கடைக்காரர் அன்று வீட்டில் மனைவியிடம், "ஒரு வயசானவங்களைக் காப்பாத்திட்டேன்" என்று பெருமையடித்துக்கொண்டார்.

நாலு நாள் கழித்து அந்த மாமியாரே கடைக்கு வந்தார்.

"மருமக என் பேருக்கு டிக்கெட் போட்டிருக்கா தம்பி. போன்ல காட்டினா. எனக்குக் காகிதத்துல ஒண்ணு எடுத்துக் குடேன். கையில வச்சுப் பார்க்கணும்."

எடுத்துக் கொடுத்தவர் சும்மா இருந்திருக்கலாம். "உங்க மருமக உங்களை ஆறரை மணி நேரம் சுத்தவிடப் பார்த்தாங்கம்மா. நான்தான் சீட் இல்லேன்னு பொய் சொல்லி நேரா போறதுல போட்டேன்."

"சீட் இருந்துச்சா?"

"எக்கச்சக்கமா இருந்துச்சு!"

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சுத்திப் போகணும்னு கேட்டது நான்தான் தம்பி. ஏர்போர்ட்ல இருபத்தாறு வருஷம் விமானத்தைக் கூட்டிப் பெருக்கினேன். ஆளுங்க ஏறுறதுக்குள்ள இறங்கிடணும். ஒரு சீட்லகூட உக்காந்ததில்ல. ரெண்டு விமானம்னா ரெண்டு தடவை மேல போகலாம், நடுவுல பயணிங்க காத்திருக்கிற ஹால்ல மூணு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கலாம்னு ஆசைப்பட்டேன். அந்தக் கூடுதல் காசுக்காக மருமக லீவு நாள்லயும் வேலைக்குப் போனா."

கடைக்காரர் பதறிப்போய்க் கம்ப்யூட்டரைத் தட்டினார். திரும்பத் திரும்பத் தட்டினார். சுற்றுவழியில் இப்போது நிஜமாகவே அந்த வாரம் எந்த நாளிலும் ஒரு சீட்கூட இல்லை.

"விடு தம்பி." அந்தம்மா டிக்கெட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "கதவைச் சாத்தறப்போ நான் உள்ள இருப்பேன்ல? அது போதும்."