தீவுக்கு வந்த சம்பந்தி

"தீவு இருந்தா எறங்கு. சீக்கிரம் எறங்குபா."

ராஜகீழ்ப்பாக்கத்தில் கண்டக்டர் குரல் கொடுத்ததும் அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்.

அவர்களை அழைத்துப்போக நிறுத்தத்தில் காத்திருந்த தோத்தாத்ரிக்கு முகம் சுண்டிப்போயிற்று.

எண்பத்தைந்து நவம்பர் மழையில் ஏரி உடைந்து, அவருடைய காலனியை எட்டு நாள் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்திருந்தது. தாம்பரத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு வந்து ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேர்க்கடலை வியாபாரம் அமோகமாக நடந்தது.

தண்ணீர் வடிந்த பிறகும் 'தீவு' என்ற பெயர் நின்றுவிட்டது.

அந்தப் பெயரைக் கேட்டே இரண்டு வரன்கள், பெண் சுந்தரவல்லியைப் பார்க்காமலே விலகிப்போயின. அவளுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது.

காலனிச் சங்கத் தலைவர் தோத்தாத்ரி சும்மா இருக்கவில்லை. ரோட்டுக்கு ஜல்லி கொட்டினார். சுவர்களில் தோள் உயரத்துக்குப் படிந்திருந்த தண்ணீர்க் கறையின்மேல் மூன்று தடவை வெள்ளை அடிக்கவைத்தார். வாசலில் வளைவு வைத்து, அதன்மேல் காகிதப்பூக் கொடியும் ஏற்றினார். வெளியார் வந்தால் மழை என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று வீடு வீடாகச் சொல்லியாயிற்று.

பக்கத்து வீட்டு ஜெபராஜ் தன் வீட்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து தோத்தாத்ரி வீட்டுக் கூடத்தில் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

சொஜ்ஜி பஜ்ஜி வந்தது. பையனின் அப்பா ராஜகோபாலன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"தண்ணியே காணோமே. இங்கே படகெல்லாம் விட்டாளே?"

"இங்கேயா? அது அந்தப் பக்கம்" என்றார் தோத்தாத்ரி.

"இதே வீடுதான் ஸ்வாமி. நாங்க குடும்பத்தோட வந்து பார்த்தோமே. மாடியில ஒருத்தர் குடையோட நின்னுண்டிருந்தார். முகம் தெரியலை. படகுலேர்ந்து சோத்துப் பொட்டலத்தை நீட்டினா, வாங்கிக்காம, அடுத்த வீட்டுக்குக் கையைக் காட்டி அனுப்பிட்டார். சம்பந்தம் பண்ணினா இந்த மாதிரி மனுஷரோட பண்ணணும்னு இவகிட்ட அன்னிக்கே சொன்னேன். நீங்கதானே அது?"

உள் அறையில் வளையல் சத்தம் நின்றது.

ஏரி உடையப்போகிறது என்று செய்தி வந்த அன்று காலையிலேயே தோத்தாத்ரி குடும்பத்தோடு குரோம்பேட்டைக்கு, மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, தன் வீட்டில் மாடி இல்லாத ஜெபராஜிடம் சாவியைக் கொடுத்திருந்தார்.

தோத்தாத்ரி அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

"பசி யாருக்குத்தான் இல்லை? அதுக்காகக் கையை நீட்டிட முடியுமா?"

கூடத்தில் எல்லோருக்கும் முந்தித் தலையாட்டியவர் ஜெபராஜ்.