எண்ணிக்கை சரி

"வயித்துல துணிய வெச்சுத் தெச்சுட்டு, கேஸ் ட்ரபுள்னு எட்டு மாசமா மாத்திரையக் குடுத்துகினே இருந்தானுங்க அண்ணாத்தே!"

அரசு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அங்கம்மா, ஸ்கேன் படத்தைப் பக்கத்து ஆளின் மூக்கருகே நீட்டினாள். முகத்துவாரக்குப்பத்தில் மீன் விற்பவள். கர்ப்பப்பையை எடுத்தபோது உள்ளே விட்ட துணியை எடுக்க இன்று மறுபடி ஆபரேஷன். சீழ் வைத்துவிட்டது, பிழைத்தால் உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

முகக்கவசம் போட்டிருந்த அந்த ஆள் படத்தைப் பார்க்கவில்லை. தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பித்தப்பையில் கல்லாம், அவருக்கும் இன்று ஆபரேஷன்.

"எந்த ஆஸ்பத்திரிம்மா?"

"ராயபுரத்துல. டாக்டர் தாமோதரன்னு வாசல்ல ஆறடிக்கு போர்டு. ஆளை மட்டும் கண்ணால பாத்ததில்ல. நான் மயங்கினப்புறம் வந்தானாம், முழிக்கறதுக்குள்ள பூட்டானாம். கேக்கப் போனா மேனேஜரு ஒரு நோட்டைக் காட்டறான். இருபது துணி உள்ள போச்சாம், இருபதும் வெளிய வந்துச்சாம். அப்ப என் வயித்துல கீறது இன்னா, இருபத்தியோராவதா?"

அந்த ஆள் குரலைத் தாழ்த்தினார். "யாரும் எண்ணியிருக்க மாட்டாங்க. கத்தி வைக்கறதுக்கு முன்னாடியே 'எண்ணிக்கை சரி'ன்னு எழுதிக் கையெழுத்து போட்டுடுவாங்க. அடுத்த கேஸ் காத்துகிட்டிருக்குமே!"

"த்தூ! ஏலத்துல மீன் கூடையை ரெண்டு தபா எண்ணாம நாங்க தூக்க மாட்டோம். படிச்ச கம்னாட்டிங்களுக்கு இன்னா கேடு?" என்றவள், சட்டென்று கலங்கினாள். "இங்க மட்டும் எண்ணுவாங்களா?"

"கண்டிப்பா. தைக்கறதுக்கு முன்னாடி சத்தமா எண்ணி, போர்டுல எழுதுவாங்க. அதுக்குத்தான் நானே இங்க வந்தேன்."

"வெவரமான ஆளுதான் நீ!" அங்கம்மாவுக்கு அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் தெம்பு வந்தது.

தியேட்டர் கதவைத் திறந்து நர்ஸ் ஷம்ஷாத் எட்டிப் பார்த்தாள். "அங்கம்மா, வாம்மா. உனக்கு அடுத்து..." கையிலிருந்த சீட்டைப் படித்தவள், பெஞ்சைப் பார்த்து வாயைப் பிளந்தாள். "அட, ராயபுரம் தாமோதரன் டாக்டரா? சொந்தமா ஆஸ்பத்திரி வெச்சுக்கிட்டு இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்களே சார்?"

அங்கம்மா மெல்ல எழுந்து, அந்த முகக்கவசத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"சிஸ்டரு, எனக்கு ரெண்டு தபா எண்ணு. இந்தாளுக்கு எதுக்கு எண்ணிக்கினு? இப்பவே கையெழுத்தைப் போட்டு வுட்டுரு!"