நான்காவது கிளை

மலையடிவாரக் காட்டில் கவரன் என்றொரு இளம் மான் இருந்தான். கொம்பில் நான்கு கிளை இல்லாத ஆண் மானைச் சுடக்கூடாது என்று அந்த வருஷம் அரசு சட்டம் போட்டது. வேட்டைக்காரர்கள் வந்தார்கள், கவரனைப் பைனாகுலரில் பார்த்தார்கள், துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டார்கள். போகும்போது அவன் நக்குவதற்கு உப்புக்கட்டி வேறு வைத்துவிட்டுப் போனார்கள்.

"பார்த்தாயா அக்கா, நம்மேல் எவ்வளவு பாசம்!" என்றான் கவரன்.

அக்கா செம்பி உப்புக்கட்டியின் பக்கமே போகவில்லை. பெரிய கொம்புள்ள அவர்கள் அப்பா, போன வேட்டைக்காலத்தில் மேயப் போனவர், திரும்பவே இல்லை.

வருஷங்கள் போயின. கவரனின் கொம்பு உதிர்ந்து முளைக்கும்போதெல்லாம் கிளைகள் கூடிக்கொண்டே வந்தன. நான்காவது கிளை முற்றியதைக் கண்டதும் செம்பி பதறிப்போனாள்.

"தம்பி, நாளைக்கு வேட்டை ஆரம்பிக்கிறது. அந்தப் பாறையில் முட்டி ஒரு கிளையை உடைத்துக்கொள்ளடா."

"உடைப்பதா? இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்தவர்கள் முன்னால் மூளிக் கொம்போடு போய் நிற்கச் சொல்கிறாயா?"

மறுநாள் காலை கவரன் புல்வெளியின் நடுவில் போய் நின்றான். வேட்டைக்காரர் ஒருவர் அவனைப் பார்த்து வாய்பிளந்தார்.

"அடேயப்பா! சட்டம் வந்த பிறகுதான் இந்தக் காட்டில் இப்படியொரு கொம்பைப் பார்க்க முடிகிறது."

கவரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுபக்கக் கொம்பும் அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று தலையைச் சற்றே திருப்பி, அசையாமல் நின்றான்.