லேகியம் பேசுது

பொலிஸ்காரர் பஸ்ஸில் ஏறியதும் வினோதா மடியில் இருந்த டப்பாவை முந்தானைக்குள் தள்ளினாள். தள்ளியதைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

“மே மொகக்த?” இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார்.

“வெத மாத்தயாகே பெஹெத்” என்றாள். வைத்தியர் கொடுத்த மருந்து என்று சொல்லுமளவுக்கு அவளுக்குச் சிங்களம் வரும்.

அவர் மூடியைத் திறந்தார். கறுப்பு லேகியத்தை மூக்கருகே கொண்டுபோய் நன்றாக முகர்ந்தார். மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்சீட்டுக்காரரின் பையைக் கிளறப் போனார்.

குளிருக்கு மனுசனுக்கு மூக்கடைத்திருக்கும் என்று வினோதா நினைத்துக்கொண்டாள். கஞ்சா கலந்த லேகியம் ஆயிற்றே! அனுமதி பெற்ற வைத்தியர்கள் மருந்தில் கலக்கலாம் என்று புருசன் ஜீவராஜ் சொல்லித்தான் இருந்தான். ஆனாலும் அவள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லையே.

ஜீவராஜ் இராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கங்காணி. மழையில் சறுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டவன், வலப்பனை வெத மாத்தயாவிடம் போய் இந்த லேகியத்தை வாங்கி வந்தான். அந்திக்குத் தேத்தண்ணியோடு ஓர் உருண்டை. நோவு குறைந்தது, வாய் திறந்தது.

அடுப்பங்கரையில் சாய்ந்து கண் சொக்கியதும் ஆரம்பித்துவிடுவான். “நிஷாந்தி, ஓடைப் பக்கம் போகாத. அட்டை கடிக்கும். நீ மேல் நிரையப் புடிச்சுக்க.”

வினோதாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். யார் எந்த நிரையில் கொழுந்து பறிப்பது என்று பிரித்துக் கொடுப்பவன் அவன்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஓடைப் பக்கத்து நிரைதான். ‘பொண்டாட்டிக்கு நல்ல நிரை குடுக்குறான்னு யாரும் பேசக் கூடாது’ என்பான். அதை அவள் பெருமையாகக்கூட நினைத்திருந்தாள். அட்டைக்கு இரத்தம் கொடுத்தே கால் தழும்பாகிப் போனவளுக்கு முன்னால், நேற்றுக் கொழுந்து பறிக்க வந்த நிஷாந்திக்கு மேல் நிரையாம்! தலைத்துணி கட்டுவதிலேயே ஒரு ஸ்டைல் காட்டுகிற நிஷாந்திக்கு!

ஒருநாள் பொறுக்க முடியாமல் தேத்தண்ணிக் கோப்பையைத் தரையில் போட்டு உடைத்தாள்.

ஜீவராஜ் பதறிப்போய்த் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். “ஏய், நான் பேசலடி. லேகியம் பேசுது. அதுல கஞ்சா இருக்குல்ல, வாய் தன்னால ஒளறுது. பகல்ல அவ பேர நான் சொல்லிக் கேட்டிருக்கியா?”

கேட்டதில்லைதான். வினோதா அன்றைக்கு நிஷாந்தியை விட்டுவிட்டுக் கஞ்சாவைப் பகைத்துக்கொண்டாள். பகைத்துக்கொள்ள ஒரு செடி இருந்ததில் அவளுக்கு எவ்வளவோ நிம்மதி. இன்றைக்கு அவனுக்குத் தெரியாமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டதும் அதனால்தான்.

வலப்பனையில் பஸ்ஸை விட்டு இறங்கிப் போனபோது, வைத்தியரின் வாசல் பெஞ்சில் முழங்கால் நோவோடு துணிக்கடை மஃறூப் நானா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாலர் பாடசாலை ஆசிரியை பிரேமினி. பேச்சு கஞ்சாவைப் பற்றித்தான்.

“வெளிநாட்டுக்கு ஏத்த வளக்கலாமாம். இங்க நோவு ஈக்கிற ஆளுக்கு மட்டும் தடையா? தேயில மாதிரி பக்கெட்ல போட்டு, வயசு பாத்து வித்தா என்ன தப்பு?” என்றார் நானா.

“இருக்கிற சாராயத் தவறணை பத்தாதா நானா? அதுக்குப் பக்கத்துல இதுக்கும் ஒரு கடை தொறந்தா, காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு யாரு வருவா? வைத்தியர் கையால மட்டும் குடுக்கட்டும்” என்றாள் பிரேமினி.

“அதுவும் வேணாம்!” வினோதா போட்ட சத்தத்தில் இருவரும் திரும்பினார்கள்.

“ஏன் தங்கச்சி, மருந்துதானே?”

“மருந்தா? ஒரு உருண்டைக்கே ஆம்பள வாய் கண்டவ வீட்டு வாசல்ல போய் நிக்கிது. சட்டம் போடுறவங்க பொம்பளங்ககிட்டயும் கேக்கட்டும். இத சாப்பிட்டவன் பொண்டாட்டி பேர மட்டுந்தான் சொல்லணும்னு முதல்ல போடட்டும். அப்புறம் வித்துக்கட்டும்!”

நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வினோதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுத்தே தமிழ் பழகியவர் வெத மாத்தயா. “ஜீவராஜுக்கு இடுப்பு எப்பிடி அம்மா?”

“கொறஞ்சிருக்கு மாத்தயா. ஆனா இதுல இருக்கிற கஞ்சாவ எடுத்துட்டு வேற லேகியம் குடுங்க. நோவு கூடினாலும் பரவால்ல.”

“ஏன், என்ன செய்யிது?”

சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வந்த வழியெல்லாம் அடக்கி வைத்தது உடைந்துவிட்டது.

“இன்னொருத்தி பேரச் சொல்லி ஒளறுறாரு. மேல் நிரைய புடிச்சுக்கன்னு கொஞ்சுறாரு. என்னால தாங்க முடியல மாத்தயா. அவரு தங்கமான மனுசன். அவரு மேல குத்தமில்ல, எல்லாம் இந்தக் கஞ்சா பண்ற வேல.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெத மாத்தயா டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார்.

“எனக்கு இன்னும் பெர்மிட் வரல்லயே அம்மா. இதுல கஞ்சா இல்லன்னு மொத நாளே அவர்கிட்ட சொன்னேனே!”