நல்ல தண்ணீரின் பாரம்

சரவணைப் பள்ளிக்கூடத்து நான்காம் வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. முதலில் மதிப்பிடுவது, பிறகு நிறுப்பது. இதுதான் இன்றைய பாடம். பரிமளம் ரீச்சரின் தராசில் ஒரே அளவான இரண்டு போத்தல்கள்: ஒன்றில் வளவுக் கிணற்று உவர்த் தண்ணீர், மற்றதில் மணல்மேட்டுக் கிணற்று நல்ல தண்ணீர். எது பாரம்? நல்ல தண்ணீர்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டாள் அம்பிகை. தோற்றவர் இந்தக் கிழமை முழுக்க வகுப்புப் பானைக்கு நல்ல தண்ணீர் அள்ளிவர வேண்டும் என்பது பந்தயம். "இப்பவே குடத்தை எடுமன்!" என்று சீண்டுகிறான் எதிர்க்கட்சிக் குலசிங்கம். "பொறடா, கத்தாதை!" என்கிறாள் அவள். ஓட்டிடுக்கால் விழும் வெயில் போத்தல்களில் மினுங்குகிறது. ரீச்சர் தட்டுகளிலிருந்து கையை எடுக்கிறார். தட்டுகள் ஆடுகின்றன, தயங்குகின்றன. உவர்த் தண்ணீர்த் தட்டு மெல்ல இறங்கி நிற்கிறது. கூரை பறக்கக் கத்துகிறது வகுப்பு. "உப்புக் கரைஞ்ச தண்ணிதான் பாரம், பிள்ளை. நீர் ஏன் மாறிச் சொன்னனீர்?" என்கிறார் ரீச்சர். அம்பிகை தராசை முறைக்கிறாள். "உவர்த் தண்ணி வீட்டு வளவுக்குள்ளயே கிடக்கு, ரீச்சர். நல்ல தண்ணியை ஒரு மைல் கட்டை தூரம் நடந்து இடுப்பில சுமக்கிறனான். உந்தத் தராசு ஒருநாளாவது நடந்ததோ?" ரீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பில் இரண்டு தட்டுகளும் குலுங்குகின்றன. அம்பிகை வெறுங்குடத்தை எடுத்துக் குலசிங்கத்தின் கையில் திணிக்கிறாள்: "வாரும் ஐயா, நீரும் ஒருக்கா நிறுத்துப் பாரும்!"