அறுபத்து மூன்றாவது பைல்

“ரெண்டும் ஒண்டுதான் புள்ள. ஒண்ட அழி. வேல முடிஞ்சி.”

ஷரிபுதீன் கதிரையில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே லெப்டொப் திரையை விரலால் குத்தினார். சாய்ந்தமருதில் அவர்தான் மஹல்லா நலன்புரிக் குழுச் செயலாளர். வாய் திறந்தால் வெட்டுப் பேச்சுத்தான்.

ஜெனூபா கொம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறவள். மவுஸைத் தொடவில்லை.

“அவசரப்படாதீங்க மாமா. ஒரே பேர்ல ரெண்டு போல்டர். ஒண்டு கிளவுட்டோட கொழுவி இரிக்கி. அதுக்குள்ள கைய வெச்சா இஞ்ச மட்டுமில்ல, கட்டார்ல மக்கீன் ஹாஜியார்ட கொம்பியூட்டர்லயும் அழிஞ்சிரும்.”

“என்ன அழியும்?”

“படமெல்லாம்.”

ஷரிபுதீன் உட்கார்ந்தார்.

நோன்புக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. ஹாஜியார் வருஷா வருஷம் அறுபத்திரண்டு வீட்டுக்கு உணவுப் பொதி கொடுக்கிறவர். பொதி வாங்குகிற ஒவ்வொருவரும் படத்தில் நிற்க வேண்டும். போன வருஷப் படங்களை நாளைக்குப் பார்ப்பார். படம் இல்லையென்றால் இந்த வருஷம் பொதி இல்லை.

“ரெண்டு எப்பிடி வந்த மாமா?”

“லெப்டொப்பத் திருத்தக் குடுத்த. திரும்பி வரக்குள்ள இதப் பெத்துக்கொண்டு வந்திரிக்கி. இடமும் நிரம்பிட்டு.”

ஜெனூபா திரையின் மூலையில் இருந்த மேக அடையாளத்தை அமத்தி முதலில் கிளவுட்டுக்குப் போகும் ஓட்டத்தை நிறுத்தினாள்.

“பச்சைச் சரி விழுந்திரிக்கிறதுதான் உசிரோட இரிக்கிற போல்டர். மத்தது மையத்து.”

“மையத்தெண்டா அடக்குறத்துக்கு என்ன சுணக்கம்?”

“அடக்க முந்தி ஆள் ஆரெண்டு பாக்கணுமே மாமா.”

பார்த்தாள். உயிருள்ளதில் அறுபத்திரண்டு பைல். மையத்தில் அறுபத்து மூன்று.

“இதுல ஒண்டு கூட இரிக்கி.”

“இரிக்கட்டும். அழி.”

“ஒப்பிட்டுத்தான் அழிப்பன்.”

படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். முகம் மூடின பெண். கையில் பொதி. பின்னால் ஒரு கதவு.

“இதெல்லாம் பேஸ்புக்கிலயும் வருது. அதாலதான் எங்கட உம்மா, படம் புடிக்கிற பொதி நமக்கு வேணா எண்டுட்டா.”

“ம்.”

“எங்களுக்குப் பாலமுனை மாமா இரிக்கார். போன நோன்புக்கு அரிசி, மா, பேரீச்சம்பழமெண்டு கேற்றடியில வெச்சிட்டுச் சொல்லாமப் போயிட்டார். உம்மா போன் எடுத்துக் கேட்டதுக்கு, ‘அதொண்டுமில்ல ராத்தா’ எண்டவர். என்ன அடக்கம் பாருங்க!”

“ம். நல்ல மனிசன்.”

இருபதாவது படத்தில் ஜெனூபாவின் கை நின்றது. முதல் படத்துக்குப் போனாள். பிறகு நாற்பதாவது. பிறகு கடைசி.

அபாயா வேறு வேறு. கதவு வேறு வேறு. செருப்பு மட்டும் ஒன்று. வார் அறுந்து கம்பியால் கட்டிய நீலச் செருப்பு.

அந்த நேரம் பார்த்து ஷரிபுதீனின் மனைவி ஸைனம்பு பிளேன்டிக் கோப்பையோடு வந்தாள். வெளி அடுப்படியில் இருந்து வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

நீலம். கம்பி கட்டியது.

ஜெனூபா பிளேன்டியை வாங்கவில்லை. பையில் இருந்து பென் டிரைவை எடுத்தாள்.

“மாமா, அறுவத்திரெண்டு பொதியும் ஒரே வீட்டுக்குத்தான் வந்திரிக்கி. இந்த வீட்டுக்கு.”

“நீ போல்டர் அழிக்க வந்த. அதச் செய்.”

“அழிக்க மாட்டன். இதப் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கிட்டக் காட்டப் போறன். ஏழைட வாய்க்குப் போறதப் பறிச்சித் திண்டுட்டு...”

ஸைனம்பு திரையை எட்டிப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அல்லாஹ்வே! அபாயாவ மாத்தினன், கதவ மாத்தினன், செருப்ப மறந்திட்டேனே!”

“வெக்கமில்லாமச் சிரிக்கிறீங்களே மாமி!”

“புள்ள.” ஷரிபுதீனின் குரல் உயரவில்லை. “அந்தக் கூடின பைலத் திற.”

திறந்தாள். படம் இல்லை. பட்டியல். அறுபத்திரண்டு பெயர். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஒரே குறிப்பு: ‘படம் இல்லை. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கேற்றடி.’

“படம் கேக்கிறவருக்குப் படம். அரிசி வேணுங்கிறவங்களுக்கு அரிசி,” என்றார் ஷரிபுதீன். “இந்தப் பட்டியல் ஹாஜியார்ட கண்ணுல படக் கூடா. அதான் கிளவுட்டுல போடல்ல. இந்த லெப்டொப்புலதான் எங்கயோ வெச்ச. எங்கயெண்டு மறந்து போச்சி. கூடினது அதுதானெண்டு இப்பதான் பிடிபட்டது.”

ஜெனூபா பட்டியலைக் கீழே இறக்கிக்கொண்டு போனாள். நாற்பத்தோராவது வரியில் நின்றாள். அவளுடைய உம்மாவின் பெயர்.

திரையை விட்டு ஷரிபுதீனைப் பார்த்தாள்.

“அப்ப, கேற்றடியில வெச்சது பாலமுனை மாமா இல்லியா?”

“நல்ல மனிசன் எண்டேனே. தேத்தண்ணி ஆறுது. குடி.”

ஜெனூபா குடித்தாள். பட்டியலை அதே பென் டிரைவில் ஏற்றி அவர் கையில் வைத்தாள். பிறகு மையத்துப் போல்டரை ஒரு பக்கம் ஒதுக்கி, ஓட்டத்தைத் திரும்பத் தொடங்கினாள். இணையத்தில் அறுபத்திரண்டு படமும் இருக்கின்றனவா என்று எண்ணினாள். இருந்தன. ஒதுக்கியதை அழித்தாள். குப்பைக் கூடையையும் காலியாக்கினாள்.

“முடிஞ்சா?” என்றார் ஷரிபுதீன்.

“முடிஞ்சி மாமா.”

வாசல்வரை போனவள் நீலச் செருப்பைப் பார்த்தாள். திரும்பினாள்.

“மாமி, இந்த வருஷம் பாதிப் படத்துக்கு நான் நிக்கிறன். எனக்கிட்ட நாலு சோடிச் செருப்பு இரிக்கி.”